அச்சிட்ட துவக்கு, போலித் துவக்கு: கனடாவின் சி-21 சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துவக்குகளை, அதாவது துப்பாக்கிகளை, கட்டுப்படுத்தும் சி-21 சட்டமூலம் ஒட்டாவாவில் விவாதத்தில் இருந்தபோது கிளம்பிய சந்தேகங்கள், அது சட்டமான பிறகும் அடங்கவில்லை. மகனுக்கு 3டி பிரிண்டர் வாங்கிக் கொடுத்த தகப்பன்மார், ஏர்சொஃப்ட் (சிறு பிளாஸ்ரிக் குண்டு சுடும் துவக்கு விளையாட்டு) விளையாடப் போகும் பொடியன்கள், குறும்படம் எடுப்பவர்கள், நாடக மன்றக்காரர் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய இவற்றைத்தான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். இது பொது விளக்கம் மட்டுமே. வழக்கு, பறிமுதல் என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம் போங்கள்.

சி-21 எண்டால் என்ன? அது இன்னும் சட்டமூலம்தானோ, சட்டமாகிட்டுதோ?

துவக்குக் கட்டுப்பாட்டுக்கானது. சட்டமாகிவிட்டது. 2021 பெப்ரவரியில் இதே இலக்கத்தோடு வந்த ஒரு சட்டமூலம், அந்த ஆகஸ்டில் தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைந்ததும் காலாவதியானது. இப்போது நாங்கள் கதைப்பது 2022 மே 30 அன்று அப்போதைய பொதுப் பாதுகாப்பு அமைச்சர் மார்கோ மென்டிசினோ கொண்டுவந்தது. 2023 மே 18 இல் பொதுச்சபையையும் டிசம்பர் 14 இல் செனட்டையும் தாண்டி, டிசம்பர் 15 அன்று அரச ஒப்புதல் பெற்றது.

அறிமுகமான வாசகமும் நிறைவேறிய வாசகமும் வேறுவேறு. குழப்பம் அங்கேதான். அச்சிடும் கோப்புகள் பற்றிய பகுதி முதலில் இருக்கவில்லை. 2023 மேயில் குழு மட்டத்தில் சேர்ந்தது. ஏர்சொஃப்ட் பகுதி முதலில் இருந்தது; அதே மாதம் குழு மட்டத்தில் கழன்றது. 2022 இல் போட்ட வீடியோவை இன்றைக்குப் பார்த்துப் பயப்படுபவர்கள்தான் அதிகம். 2020 மே 1 முதல் வரும் தடைப் பட்டியல்கள், அதாவது இன்ன இன்ன மொடல் துவக்குகள் கூடாது என்பவை, அமைச்சரவை ஆணைகள். அவை வேறு கதை. இங்கே அவற்றைத் தொடவில்லை.

என்ர வீட்டில 3டி பிரிண்டர் இருக்கு. அதை எங்கேயாவது பதிய வேண்டுமோ?

இல்லை. சி-21 இல் பிரிண்டரைப் பற்றியோ, அது உருக்கி அச்சிடும் பிளாஸ்ரிக் இழையைப் பற்றியோ, கணினியில் இயங்கும் உலோகக் கடைசல் பொறியைப் பற்றியோ எந்தப் பதிவும் லைசன்சும் கிடையாது. பூச்சாடி, போன் தாங்கி, உடைந்த அலுமாரிக் கைப்பிடி என்று அச்சிடுபவருக்கு இந்தச் சட்டத்தால் எந்த மாற்றமும் இல்லை.

சட்டம் பார்ப்பது மூன்றை: என்ன நோக்கத்துக்கு, எதைப் போலத் தெரிகிறது, எவ்வளவு வேகத்தில் சுடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு பதிலிலும் இந்த மூன்றில் எது பேசப்படுகிறது என்று கவனித்தால் பாதிக் குழப்பம் போய்விடும். கோப்பு என்றால் நோக்கம். போலித் துவக்கு என்றால் தோற்றம். ஏர்சொஃப்ட் என்றால் தோற்றமும் வேகமும் சேர்ந்து.

பிளாஸ்ரிக்கில அச்சிட்ட துவக்கு உண்மையில வெடிக்குமோ? சும்மா பயமுறுத்துறாங்களோ?

சும்மா இல்லை. 2013 மேயில் டெக்சஸைச் சேர்ந்த டிஃபென்ஸ் டிஸ்ட்ரிபியூட்டட் என்ற அமைப்பு, ஒரே ஒரு குண்டு சுடும் பிளாஸ்ரிக் கைத்துவக்கின் கோப்பை இணையத்தில் விட்டது. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் ஆயுத ஏற்றுமதி விதியைக் காட்டி எடுக்கச் சொல்வதற்குள் அது ஒரு இலட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டுவிட்டது. அந்த முதல் துவக்கு சுடுபவரின் கைக்கே ஆபத்தானது என்பது உண்மைதான்.

ஆனால் இப்போது பொலிஸார் பிடிப்பவை பெரும்பாலும் அந்த ரகம் இல்லை. உடற்பகுதி அச்சிட்டது, குழலும் சிலைடும் (கைத்துவக்கின் மேலே முன்பின் நகரும் பகுதி) காசு கொடுத்து வாங்கிய உலோகம். பதிவு இலக்கம் பொறிக்கப்படுவது உடற்பகுதியில்தான். அதை வீட்டில் அச்சிட்டால் இலக்கமே இல்லை, யார் விற்றார் யார் வாங்கினார் என்ற தடயமும் இல்லை. 2023 ஜூனில் கியூபெக் பொலிஸாரின் ஒருங்கிணைப்பில் எட்டு மாகாணங்களில் ஒரே நேரத்தில் நடந்த தேடுதல் இந்த ரகத்தைக் குறிவைத்ததுதான்.

சி-21 வாறதுக்கு முதல் இதைச் செய்யிறது சட்டப்படி சரியாய் இருந்ததோ?

இல்லை. எந்த முறையில் செய்தாலும் துவக்கு உற்பத்திக்குத் தொழில் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது பழைய விதி. குற்றவியல் சட்டக்கோவையின் 2 ஆம் பிரிவு, துவக்கின் சட்டகத்தையும் ரிசீவரையும் (சுடும் பொறிமுறை அடங்கும் உடற்பகுதி) தனியாகவே துவக்கு என்று சொல்கிறது. துவக்காக மாற்றிப் பயன்படுத்தக்கூடிய எதையும் அதற்குள் சேர்க்கிறது. "நான் அச்சிட்டது வெறும் உடற்பகுதிதான், குழல் இல்லை" என்ற வாதம் கனடாவில் என்றைக்குமே எடுபட்டதில்லை. முக்கால்வாசி முடித்த பாகங்களாக விற்கப்படும் துவக்குப் பெட்டிகள் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26 வரை விவாதித்தது. அங்கே சட்ட வாசகம் வேறு.

சி-21 செய்தது மூன்று. சட்டவிரோதமாகச் செய்த எந்தத் துவக்கும், செய்த முறை எதுவானாலும், தடைசெய்யப்பட்ட துவக்கு என்று எழுதியது. அனுமதியில்லாமல் துவக்குச் செய்வதற்கும் கைமாற்றுவதற்கும் உச்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 14 ஆக்கியது. கோப்புக்கென்று 102.1 என்ற புதுப் பிரிவைச் சேர்த்தது.

இணையத்தில சும்மா பார்த்துக்கொண்டு போகேக்க ஒரு ஃபைல் இறங்கிட்டுது. அது கணினியில இருந்தாலே பிடிப்பாங்களோ?

102.1 இன் முதல் பகுதி, துவக்கு அல்லது தடைசெய்யப்பட்ட சாதனம் சம்பந்தமான, 3டி பிரிண்டரிலோ உலோகக் கடைசல் பொறியிலோ பயன்படுத்தக்கூடிய கணினித் தரவை, உற்பத்தி அல்லது கடத்தல் நோக்கத்தோடு திறப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. உச்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை. சிறு குற்றமாகவும் நடத்தலாம். நோக்கத்தை அரச தரப்பு நிரூபிக்க வேண்டும். தற்செயலாக இறங்கிய கோப்பு, பத்திரிகைக்காரர் ஆராய்ந்த கோப்பு, பல்கலைக்கழக ஆய்வுக்கு எடுத்த கோப்பு ஆகியவை இந்த வாசகத்துக்குள் நேரடியாக விழாது.

ஆனால் நோக்கம் என்பது மனதுக்குள் இருப்பது. நீதிமன்றம் அதை வெளியில் கிடப்பவற்றைக் கொண்டுதான் ஊகிக்கும்: கோப்பு பிரிண்டருக்கேற்ற வடிவில் வெட்டி வைக்கப்பட்டிருந்ததா, அச்சிட்ட துண்டு மேசையில் கிடந்ததா, குழலுக்கு ஓடர் போயிருந்ததா, நண்பருக்கு என்ன எழுதினீர்கள். இந்தப் பிரிவுக்கு எதிராகச் சொல்லப்படும் நேர்மையான விமர்சனம் இதுதான். ஆராய்ச்சிக்கும் செய்தித் தொழிலுக்கும் பெயர் சொல்லி விலக்குக் கொடுத்திருந்தால் தெளிவாக இருந்திருக்கும். என்றாலும், வைத்திருந்தாலே குற்றம் என்று எழுதிய இடங்களோடு ஒப்பிட்டால் கனடா வாசகம் நிதானமானது. தேவையில்லாத கோப்பு கண்ணில் பட்டால் அழித்துவிடுங்கள். "பிறகு பார்ப்பம்" என்று வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

நான் செய்யேல்லை, ஃபைலை குறூப்பில போட்டனான் மட்டும்தான். அதுவும் குற்றமோ?

இரண்டாம் பகுதி அதைத்தான் பிடிக்கிறது: பகிர்தல், வெளியிடுதல், கிடைக்கச் செய்தல். ஒருவர் அதைக் கொண்டு செய்யப் போகிறார் அல்லது கடத்தப் போகிறார் என்று தெரிந்து பகிர்ந்தால் குற்றம். தண்டனை மேலே சொன்ன அதே அளவு. நீங்கள் பிரிண்டரே இல்லாதவராக இருக்கலாம். "இதை அடிச்சுப் பாருங்கோ" என்று ஒரு வரி சேர்த்துப் போட்டால், தெரியாது என்று பிறகு சொல்வது கடினம்.

எனக்கு வேட்டைக்கு எடுத்த பி.ஏ.எல். லைசன்ஸ் இருக்கு. அப்ப நான் எனக்கெண்டு ஒண்டு செய்யலாம்தானே?

செய்ய முடியாது. பி.ஏ.எல். என்பது வைத்திருக்கவும் வாங்கவும் தரும் அனுமதி. உற்பத்திக்கு மேலே சொன்ன தொழில் அனுமதிப்பத்திரம் வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சொந்தப் பாவனைக்குச் செய்யலாம் என்பதால் அங்கிருந்து வரும் வீடியோக்களில் லைசன்ஸ் பேச்சே இருக்காது. எல்லைக்கு இந்தப் பக்கம் அது பொருந்தாது.

குழல், சிலைடு வாங்கவும் லைசன்ஸ் கேக்கிறாங்களாம். எல்லாப் பாகத்துக்குமோ?

2024 செப்டெம்பர் 1 முதல், துவக்குக் குழலும் கைத்துவக்கின் சிலைடும் வாங்கவோ இறக்குமதி செய்யவோ பி.ஏ.எல். வேண்டும். காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது: அச்சிட முடியாத பாகத்தைக் கட்டுப்படுத்தினால் அச்சிட்ட பாகம் மட்டும் உதவாது. இந்தச் சட்டத்திலேயே உருப்படியாக யோசித்து எழுதிய வரி இதுதான் என்று சொல்லலாம். வேறு பாகங்களை ஒழுங்குவிதி மூலம் பின்னர் சேர்க்க இடம் வைத்திருக்கிறார்கள். பிடங்கு, கைப்பிடி, தோற்பட்டி போன்றவை வாசகத்தில் இல்லை.

ஏர்சொஃப்ட் துவக்குக்கென்றே வடிவமைத்த குழலும் சிலைடும் இதற்குள் வராது. தவறு நடப்பது பார்சலில். விற்பவர் சுங்கப் படிவத்தில் நிஜத் துவக்கின் பெயரைப் போட்டு "சிலைடு" என்று மட்டும் எழுதினால் அதிகாரி நிறுத்திவைப்பார். "ஏர்சொஃப்ட், 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் பிபி குண்டுக்கான உட்குழல்" என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

போலித் துவக்கு எண்டு சட்டம் எதைச் சொல்லுது?

ஒரு நிஜத் துவக்கை அச்சொட்டாகவோ ஏறக்குறைய அச்சொட்டாகவோ ஒத்திருக்க வேண்டும். தானே ஒரு துவக்காக இருக்கக்கூடாது. ஒத்திருக்கும் அந்த நிஜத் துவக்கு 1898 க்கு முந்திய தொல்துவக்காக இருக்கக்கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் அது போலித் துவக்கு, தடைசெய்யப்பட்ட சாதனம். செய்ய, வாங்க, விற்க, கைமாற்ற, இறக்குமதி செய்ய முடியாது. இது சி-21 இல் வந்ததில்லை. 1998 டிசம்பர் 1 முதல் இருக்கிறது.

வைத்திருப்பது மட்டும் வேறு மாதிரி. தடைசெய்யப்பட்ட சாதனங்களை அனுமதியின்றி வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 91 ஆம் பிரிவு, "போலித் துவக்கு தவிர" என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 1998 டிசம்பர் 1 அன்று கையில் இருந்ததை லைசன்சோ பதிவோ இல்லாமல் தொடர்ந்து வைத்திருக்கலாம். ஆகவே நிலவறையில் அப்பா 1993 இல் வாங்கித் தொங்கவிட்டது இருந்தால் பதற வேண்டாம். அதைக் கிஜிஜி விளம்பரத் தளத்தில் விற்கப் போடுவதுதான் பிரச்சினை.

ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக்கிலோ பளீர் நிறத்திலோ செய்தவை, நிஜத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு பெரியவை அல்லது சிறியவை, பொதுவாகப் போலித் துவக்காகக் கருதப்படுவதில்லை. முனையில் செம்மஞ்சள் வளையம் போட்டால் போதும் என்பது அமெரிக்க விதியைக் கேட்டுவந்த நம்பிக்கை. கனடாவில் அந்த வளையம் மட்டும் காப்பாற்றாது.

வேகம் குறைஞ்ச ஏர்சொஃப்ட் தடை, வேகம் கூடினது சரியாம். இது என்ன நியாயம்?

நியாயம் குறைவு, தர்க்கம் உண்டு. மேலே சொன்ன இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள்: தானே ஒரு துவக்காக இருப்பது போலித் துவக்காக முடியாது. குழலிலிருந்து எறியப்படும் குண்டு கடுமையான உடற்காயம் உண்டாக்கக்கூடியதென்றால் அது 2 ஆம் பிரிவின்படி துவக்கு. 4.5 மில்லிமீற்றர் உலோகக் குண்டுக்கு அந்த எல்லை செக்கனுக்கு 214 அடி. பன்றிக் கண்ணில் சுட்டுப் பார்த்த ஆய்வுகூடச் சோதனையிலிருந்து வந்த இலக்கம் அது. டன் என்ற வழக்கில் 2014 இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 6 மில்லிமீற்றர், 0.20 கிராம் பிளாஸ்ரிக் பிபிக்கு நடைமுறையில் எடுத்துக்கொள்வது செக்கனுக்கு 366 அடி, அதாவது 111.6 மீற்றர்.

இனி மேல் எல்லை. செக்கனுக்கு 152.4 மீற்றர், அதாவது 500 அடி வேகமும் 5.7 ஜூல் சக்தியும் இரண்டும் தாண்டினால்தான் லைசன்ஸ் தேவைப்படும் துவக்கு. ஏர்சொஃப்ட்டில் 0.20 கிராம் பிபி 366 அடியில் 1.24 ஜூல், 500 அடியில் 2.32 ஜூல். 5.7 இன் பாதிக்குக்கூட வராது.

ஆக, நிஜத் துவக்குப் போலத் தெரியும் ஒன்று 340 அடியில் சுட்டால் போலித் துவக்கு, தடை. அதே சாமான் 400 அடியில் சுட்டால் சட்டக் கண்ணில் துவக்கு, ஆனால் லைசன்ஸ் விலக்கு, கடையில் வாங்கலாம். காயம் குறைவாகத் தருவது கூடாது, அதிகமாகத் தருவது ஆகும். குற்றம் ஒன்றுக்குப் பயன்படுத்தினால் அந்த விலக்கு பறந்துவிடும், முழுத் துவக்காகவே நடத்துவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

சி-21 ஏர்சொஃப்டை முழுசா நிறுத்தப் பார்த்ததாமே? இப்ப என்ன நிலைமை?

உண்மை. அறிமுகமான வாசகம், மேலே சொன்ன 366 முதல் 500 அடி வரையான இடைவெளியை மூடப் பார்த்தது. லைசன்ஸ் விலக்குள்ள ஒன்று நிஜத் துவக்கை ஒத்திருந்தால் அதுவும் தடைசெய்யப்பட்ட சாதனமாகியிருக்கும். ஏர்சொஃப்ட் துவக்குகள் அநேகமாக எல்லாமே நிஜத்தை ஒத்தவை. புதிதாக வாங்க, விற்க வழியில்லாமல் அந்த விளையாட்டே சில வருடத்தில் படுத்திருக்கும். எதிர்ப்பு வலுத்தது. 2023 மேயில் குழு அந்தப் பந்தியை நீக்கியது. இன்றைய நிலை 2022 க்கு முந்திய நிலையேதான்.

திரும்ப வராது என்று யாரும் உறுதி தரவில்லை. வருமென்றால் பிரித்தானியாவைப் பார்த்து எழுதுவது புத்திசாலித்தனம். அங்கே 2006 ஆம் ஆண்டுச் சட்டம் நிஜம் போன்ற போலித் துவக்குகளை விற்பதையும் இறக்குமதியையும் தடைசெய்தது. ஆனால் மூன்றாந்தரப்புக் காப்புறுதி உள்ள களங்களில் விளையாடுவோர், வரலாற்றுக் காட்சிகளை நடிப்போர், திரைப்படக்காரர், அருங்காட்சியகங்கள் ஆகியோருக்குத் தற்காப்பு வாதத்தைச் சட்டத்திலும் அதன் ஒழுங்குவிதியிலும் வைத்தது. பளீர் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் போன்ற நிறங்களையும், 38 மில்லிமீற்றர் உயரம், 70 மில்லிமீற்றர் நீளத்துக்கு உட்பட்ட சாவிக்கொத்து அளவையும் ஒழுங்குவிதியில் எழுதிவைத்தது. கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் எல்லை எங்கே என்று தெரியும்.

வேகத்தை எப்பிடி அளக்கிறது? பெட்டியில 400 எண்டுதானே போட்டிருக்கு.

குண்டின் எடை எழுதாத வேகத்துக்கு அர்த்தமில்லை. அளக்க ஒரு குரோனோகிராஃப் (குண்டின் வேகம் காட்டும் கருவி) வேண்டும், களங்களில் இருக்கும். 0.20 கிராம் பிபி போடுங்கள். ஹொப்-அப் (குண்டுக்குச் சுழற்சி கொடுக்கும் அமைப்பு) திருகை முழுதாகத் தளர்த்துங்கள். இறுகியிருந்தால் வாசிப்பு மாறும். கருவிக்கு நேராகப் பிடித்துப் பத்துத் தடவை சுட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். சராசரியோடு மிகக் குறைந்த வாசிப்பும் முக்கியம். எரிவாயுவில் இயங்குவது என்றால் அறை வெப்பநிலையில் அளவிடுங்கள். தை மாதத்தில் கார் டிக்கியில் கிடந்ததை எடுத்துச் சுட்டால் அழுத்தம் விழுந்து பத்து வீதம் குறைத்துக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. 0.25 கிராம் மட்டும் இருந்தால், அதே சக்திக்கு 366 அடி ஏறக்குறைய 327 ஆகும், 0.28 கிராமுக்கு 309.

ஒரு பொறி இருக்கிறது. சில உள்ளரங்கக் களங்கள் பாதுகாப்புக்காக 350 அடிக்கு மேல் விடமாட்டா. அதற்காக மெலிந்த சுருள்வில் போட்டு 340 க்கு இறக்கினால், களத்துக்கு நல்லது. மேலே சொன்ன சட்டக் கணக்கில் அது எல்லைக்குக் கீழே வந்துவிடுகிறது. அந்த நிலையில் விற்பதும் கைமாற்றுவதும் வில்லங்கம். விற்கும்போது பழைய வில்லைத் திரும்பப் போட்டு, அளந்த தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஹொங்கொங்கில இருந்து எடுப்பிச்ச பார்சலைச் சுங்கம் மறிச்சிட்டுது. இனி?

வந்த கடிதத்தை முதலில் வாசியுங்கள்: வகைப்படுத்தலுக்காகத் தடுத்துவைத்திருக்கிறார்களா, பறிமுதல் செய்துவிட்டார்களா என்பது வேறுவேறு. தடுத்துவைப்பு என்றால் 0.20 கிராமுக்கு 366 முதல் 500 அடிக்குள் என்று உற்பத்தியாளர் எடையோடு எழுதிய விவரத்தாளை அனுப்புங்கள். கடையின் விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவதால் பலனில்லை. முடிவு எதிராக வந்தாலும், பறிமுதல் என்றாலும், மறுபரிசீலனை கேட்க 90 நாள் உண்டு. நாட்கணக்கு கடிதத் திகதியிலிருந்து ஓடும். "விடுமுறை முடியட்டும்" என்று இருந்து தவறவிடுபவர்கள் உண்டு.

நாடகத்துக்கும் குறும்படத்துக்கும் துவக்கு ஒண்டு அச்சடிச்சு எடுக்கலாமோ? சுடாது, சும்மா பிளாஸ்ரிக் கட்டி.

சுடாது என்பதால்தான் அது போலித் துவக்கு. போர்க்காலக் கதை எடுக்கும் தமிழ்ப் பொடியன்கள் அடிக்கடி விழும் குழி இது. நிஜ ஏ.கே. ஒன்றின் அளவெடுத்து, அச்சிட்டு, கறுப்பும் மண்ணிறமும் பூசினால், நிபந்தனை மூன்றும் பொருந்துகிறது; செய்த அந்தச் செயலே தடைக்குள் வருகிறது. 102.1 இன் வாசகமும் தடைசெய்யப்பட்ட சாதனங்களைச் சேர்த்தே பேசுவதால், கோப்பும் தனியாகக் கேள்விக்குள்ளாகலாம்.

வழிகள் உண்டு. தேவையான அனுமதி உள்ள திரைப்பட உபகரண நிறுவனத்திடம் வாடகைக்கு எடுப்பது ஒன்று. மேடைக்கு என்றால் பத்தாவது வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு உருவம் போதும்: மரத்தில் செதுக்கிய, விளிம்பு விவரம் இல்லாத, அளவு கண்ணுக்குத் தெரியும்படி மாறிய ஒன்று. 1898 க்கு முந்திய மொடல்களின் போலிகள் வரையறைக்கு வெளியே. கட்டப்பொம்மன் கூத்துக்கு நாட்டுத் துவக்கு வேண்டுமென்றால் பிரச்சினையே இல்லை. விண்வெளிக் கதைகளின் கற்பனைத் துவக்குகளும் பொதுவாகப் பரவாயில்லை. ஆனால் அவற்றில் சில பிரித்தானிய ஸ்டெர்லிங் போன்ற நிஜத் துவக்கின் உடலிலேயே கட்டப்பட்டவை; கோப்பு எதைப் பார்த்து வரையப்பட்டது என்று பாருங்கள். வெளியில் படப்பிடிப்பு என்றால், எந்தச் சாமானாக இருந்தாலும், முன்கூட்டியே பொலிஸுக்கு அறிவியுங்கள்.

பிள்ளை விளையாட்டுத் துவக்கோட வீதிக்குப் போறான். அதுக்கும் சட்டமோ?

நுரைக் குண்டு சுடும் நீலமும் செம்மஞ்சளுமான விளையாட்டுச் சாமானுக்கு ஒன்றுமில்லை. அதைக் கறுப்பு ஸ்பிரே அடித்து "நிஜம் மாதிரி" ஆக்கும் பழக்கம்தான் கூடாது. அழைப்பு வந்து ஓடிவரும் பொலிஸார் தூரத்திலிருந்து உருவத்தை மட்டுமே பார்க்கிறார்கள். 2022 மே 26 அன்று ஸ்காபரோவின் போர்ட் யூனியன் பகுதியில், பாடசாலைகள் உள்ள இடத்தில், துவக்கோடு ஒருவர் நடக்கிறார் என்று அழைப்புப் போனது. 27 வயது இளைஞர் பொலிஸாரின் சூட்டில் இறந்தார். மாகாண விசேட விசாரணைப் பிரிவு அங்கே கிடைத்தது பெலட் துவக்கு (சிறு குண்டு சுடும் காற்றுத் துவக்கு) என்றது. டெக்சஸின் யுவால்டே பாடசாலைப் படுகொலை நடந்து இரண்டு நாள். சி-21 அறிமுகமாக நான்கு நாள் இருந்தது.

ஏர்சொஃப்ட் களத்துக்குப் போகும்போது மகசீனைக் கழற்றி, உருவம் தெரியாத மூடிய பையில், கார் டிக்கியில் வையுங்கள். பஸ்ஸில் போவதென்றால் அதே பை, திறக்காமல். தரிப்பிடத்தில் நின்று எடுத்துக் காட்டி செல்ஃபி எடுப்பதுதான் அழைப்பு வரவைக்கும் வேலை.

பிரிண்டரே துவக்கை அச்சிட மறுக்கும்படி செய்தால் என்ன? அதைச் சட்டமாக்கினால் முடிஞ்சுதே?

கேட்க நன்றாக இருக்கும். பிரிண்டருக்கு வருவது ஒரு துவக்கின் படம் அல்ல, வரிவரியான கட்டளை: இந்தப் புள்ளிக்கு நகர், இவ்வளவு இழையைத் தள்ளு, 0.2 மில்லிமீற்றர் மேலே ஏறு. ஒரு பாகத்துக்கு இப்படி இலட்சக்கணக்கான வரிகள். அவற்றைத் திரும்ப உருவமாக்கி, தடைப்பட்டியலோடு ஒப்பிட்டு, இது குழாய் இணைப்பா, டோர்ச் லைற் உடலா, வேறெதுவுமா என்று மலிவு விலைப் பிரிண்டரின் சிறு கணினிச் சில்லு தீர்மானிக்க வேண்டும். தப்பாக மறுக்கப்படுவது சைக்கிள் பாகம் அச்சிடுபவருக்கு. தீய எண்ணம் உள்ளவருக்கு, திறந்த மூல மென்பொருளில் ஓடும் பழைய பிரிண்டர்கள் ஏற்கனவே வீடுகளில் இருக்கின்றன.

நியூயோர்க் மாநிலச் சட்டசபையில் 2023 அக்டோபரில் இன்னொரு வழி முன்மொழியப்பட்டது: துவக்கு அச்சிடக்கூடிய பிரிண்டர் வாங்குவோருக்குக் குற்றப் பின்னணிச் சோதனை. எந்தப் பிரிண்டருக்குத்தான் அந்தத் திறன் இல்லை என்ற கேள்வியில் அது இடறுகிறது. குழலையும் சிலைடையும் கட்டுப்படுத்திய கனடா வழி இவற்றைவிட அடக்கமானது, பலனும் கூடியது.

கனடாவில குற்றமில்லாத ஃபைல் மடிக்கணினியில இருக்கு. சிட்னிக்கோ சிங்கப்பூருக்கோ போனால்?

போகும் முன் அழியுங்கள். நியூ சவுத் வேல்ஸின் 1996 ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம், 51எஃப் பிரிவு, அச்சிடும் டிஜிட்டல் வரைபடத்தை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. உச்சம் 14 ஆண்டு. ஐந்தாவது பதிலில் சொன்ன "நோக்கம்" அங்கே அரச தரப்பு நிரூபிக்க வேண்டிய விஷயமில்லை. தெரியாமல் இருந்தது என்று காட்டுவது உங்கள் வேலை. சிங்கப்பூரும் 2021 ஜனவரியில் நிறைவேற்றிய துவக்கு, வெடிபொருள், ஆயுதச் சட்டத்தில் டிஜிட்டல் வரைபடங்களைச் சேர்த்திருக்கிறது. உறவினர் கலியாணத்துக்குப் போகும் பயணத்தில் மேகச் சேமிப்பில் கிடப்பதும் உங்கள் கையில் இருப்பதாகவே எடுக்கப்படலாம்.

இதில மாற்றம் வேண்டுமெண்டு நாங்கள் சொன்னால் ஆர் கேக்கப் போகினம்?

ஏர்சொஃப்ட் பந்தி கழன்றது கேட்டதால்தான். பொதுச்சபையில் உள்ள எம்பிக்குக் கடிதம் அனுப்ப முத்திரை தேவையில்லை. "சட்டம் பிழை" என்று எழுதுவதைவிட, எந்தப் பிரிவில் எந்தச் சொல் யாரைத் தேவையில்லாமல் பிடிக்கிறது, அதற்குப் பதில் என்ன வாசகம் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: 102.1 க்கு ஆய்வு, செய்தித் தொழில் விலக்கு. போலித் துவக்கு வரையறைக்கு நாடகம், காப்புறுதியுள்ள விளையாட்டுக் களம் ஆகியவற்றுக்கு விலக்கு. சட்டமூலம் குழுவில் இருக்கும்போது அந்தக் குழுவின் எழுத்தருக்கும் ஒரு பிரதி அனுப்பினால், திருத்தம் எழுதுபவர்களின் மேசைக்குப் போகும்.

இணைய மனு என்றால் ஐந்து ஆதரவாளர்களும் முன்வைக்க ஒரு எம்பியும் வேண்டும். 500 கையொப்பம் சேர வேண்டும். காகித மனுவுக்கு 25 போதும். சபையில் வைத்ததும் அரசாங்கம் 45 நாளுக்குள் பதில் தர வேண்டும். காகித மனுவில் கையொப்பம் செல்லுபடியாகாமல் போவதற்கு வழக்கமான காரணம் முகவரி விடுபடுவது. கோயில் வாசலில் தாள் நீட்டும்போது அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.